நாலு நாள் பால்

தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் ஏஞ்சலின் எட்டு வருஷம் டீ போட்டாள். ஒரு ஷிப்டுக்கு நானூறு டம்ளர். அந்தக் கேன்டீனை வேறு கான்ட்ராக்டர் எடுத்தபோது அவர் தன் ஆட்களையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஏஞ்சலினும், அவளோடு பாத்திரம் துலக்கியவர்களும் காய் நறுக்கியவர்களுமாகப் பதினோரு பேரும் ஒரே மாதக் கடைசியில் வீட்டுக்கு வந்தார்கள். அப்போது அவளுக்கு வயது முப்பத்தாறு. வேறு கம்பெனிகளின் கேட்டில் போய் நின்று பார்த்தாள். இருபத்தைந்துக்கு மேல் பெண்களை எடுப்பதில்லை என்று செக்யூரிட்டியே சொல்லித் திருப்பி அனுப்பினான்.

வீட்டில் இரண்டு மாடுகள் இருந்தன. மகளிர் குழுவில் கடன் எடுத்து வாங்கியவை. அவள் வேலைக்குப் போன காலமெல்லாம் அவற்றைப் பார்த்துக்கொண்டது அடுத்த வீட்டில் தனியாக உலை வைத்துக்கொள்ளும் மாமியார் ஞானம்மாதான். தன்னுடைய ஒற்றை மாட்டோடு மருமகளுடையதையும் சேர்த்துப் புல் போட்டு, தண்ணீர் காட்டி, கறந்து கொடுத்துவிடுவாள். ஏஞ்சலினுடைய புருஷன் தேசப்பனுக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பெனி வேலை. மாடு பக்கம் அவன் வருவதே இல்லை.

கவரப்பேட்டையிலிருந்து மேற்கே போய் வடக்கே திரும்பும் சாலையில் இருக்கிறது அவர்களுடைய ஆலங்கண்டிகை. சாலைக்குக் கிழக்கே இருப்பது ஊர்; நெல் நிலம் வைத்திருக்கிறவர்கள். மேற்கே இருப்பது காலனி. முன்பு அந்த நிலங்களில் நாற்று நட்டு, அறுத்து, களம் சேர்த்தவர்கள். இப்போது காலனி ஆண்கள் எல்லாரும் கம்பெனிக்குப் போகிறார்கள். கம்பெனி எடுத்துக்கொள்ளாத வயதுப் பெண்கள் மாடு வைத்திருக்கிறார்கள்.

இரண்டு பக்கத்துப் பாலையும் வாங்கிக்கொண்டிருந்தவர் பூவராகவன். பைக்கில் இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு வருவார். முதலில் ஊரில் எடுப்பார். அப்புறம் சாலையைத் தாண்டி வந்து காலனிப் பாலை வேறொரு கேனில் எடுப்பார். கெட்டிப் பாலோ தண்ணிப் பாலோ, எல்லாருக்கும் ஒரே விலை. அந்த விலையும், அதில் யாருக்காவது குறைப்பதும் அவர் சொல்வதுதான். ஆனால் அவரைக் கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. ஒரு சாவு, ஒரு காய்ச்சல் என்றால் கேட்காமலே கையில் பணம் கொடுத்துவிட்டுப் போவார். பிறகு அவரை விட்டு வேறு யாருக்கும் பால் ஊற்ற முடியாது என்பது கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும்.

நானூறு டீ போட்ட கைக்குப் பால் தெரியும். கேன்டீனுக்குப் பாக்கெட்டில் வந்த பாலில் எத்தனை ஊற்றினால் டீ எந்த நிறத்துக்கு வரும் என்று ஏஞ்சலினுக்குக் கணக்கு உண்டு. தன் மாட்டுப் பாலில் அதே டீயைப் போட்டபோது முக்கால் பங்கிலேயே நிறம் வந்து நின்றது. அன்று முழுவதும் அவளுக்கு அதே யோசனை. கேன்டீனுக்குப் பால் கொண்டுவந்த வண்டி டிரைவர் ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தான்: பொன்னேரிக்கு வெளியே அவர்கள் கம்பெனியின் குளிரூட்டும் நிலையம் இருக்கிறது, சுற்று வட்டாரத்துப் பால் எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்கிறது, காலையில் ஒரு வண்டி ஆலங்கண்டிகை வழியாகத்தான் வருகிறது என்று.

மறுநாள் காலை தன் மாட்டுப் பால் ஒரு லிட்டரைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, கவரப்பேட்டையில் லோக்கல் ரயில் ஏறி, பொன்னேரியில் இறங்கி, விசாரித்துக்கொண்டு நடந்தே போனாள்.

அங்கே கிராமங்களில் பால் எடுக்கிற வேலையைக் கவனித்துக்கொண்டிருந்தவர் வசந்தகுமார். முப்பது வயசுக்குள் இருக்கும். தூக்குவாளியைப் பார்த்துச் சிரித்தார். ஆனாலும் பாலை வாங்கி மிஷினில் வைத்துப் பார்த்தார்.

"பாலு நல்லாத்தான் கீதுக்கா. கொழுப்பு நாலுக்கு மேல நிக்குது. இப்ப இன்னா வெலைக்கு ஊத்துறீங்க?"

அவள் சொன்னாள். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"எங்ககிட்ட இதுக்கு மேல கெடைக்கும். ஆனா ஒண்ணு. ஒரு வேளைக்கு நூறு லிட்டரு இல்லன்னா உங்க ஊர்ல வண்டி நிக்காது. அது என் கையில இல்ல."

காலனியில் எல்லா மாட்டையும் சேர்த்துக் கறந்தாலும் காலையில் அறுபது லிட்டர் தேறாது. மிச்ச நாற்பது சாலைக்குக் கிழக்கேதான் இருந்தது. அதிலும் முப்பது லிட்டர் மணியம்மாள் வீட்டில் இருந்தது.

மணியம்மாளின் புருஷன் தணிகாசலத்துக்கு ஒன்பது ஏக்கர் நிலம். ஆறு மாடு. ஏஞ்சலினின் அம்மா அந்த வீட்டு நிலத்தில் நட்டவள். ஏஞ்சலினே பள்ளிக்கூடம் போகாத நாட்களில் அம்மாவோடு போய் அங்கே நட்டிருக்கிறாள். பின்பக்க வழியாகப் போய் மாட்டுக் கொட்டகை அருகில் நின்றாள். மணியம்மாள் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயசு. குரல் எப்போதும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

"இன்னாடி, கம்பெனி வேல போச்சாமே?"

"ஆமாம்மா. அத வுடுங்க. பாலு விசயமா வந்தன்."

ஏஞ்சலின் எல்லாவற்றையும் சொன்னாள். மிஷின் வைத்துப் பார்த்து ஒவ்வொருவர் பாலுக்கும் தனித்தனியாக விலை போடுவார்கள் என்பதைச் சொன்னாள். மணியம்மாள் கை தவிட்டுத் தொட்டியிலேயே இருந்தது.

"எல்லாம் ஒரே கேன்லயா ஊத்துவாங்க?"

கேட்க வேண்டியதைத்தான் கேட்டாள். ஏஞ்சலின் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள்.

"ஒரே கேன்லதாம்மா. தனிக் கேன் வெச்சா நூறு லிட்டர் கணக்கு வராது. அங்க பொன்னேரிக்குப் போனா பத்து ஊரு பாலும் ஒரே டாங்கில ஊத்துறாங்க. நீங்க பாக்கெட்டு பாலு வாங்குனாலும் அதான் வரும்."

மணியம்மாள் மாட்டுக்குத் தொட்டியை இழுத்து வைத்தாள். பூவராகவன் போன மாதம் அவள் பாலில் தண்ணீர் இருப்பதாகச் சொல்லி நாலு பேர் முன்னால் விலையைக் குறைத்திருந்தார். அது பொய் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் மெய்ப்பிக்க வழி இல்லாமல் போனது. மிஷின் என்ற ஒரு வார்த்தைதான் அவள் மனதில் நின்றது போலிருக்கிறது.

"காலனிக்குள்ளல்லாம் எங்க ஊட்டுப் பாலு வராது," என்றாள் கடைசியில். "ரோட்டு மேல பஸ் நிக்கிற எடத்துல வெய்யி. ஊத்துறன். ரெண்டு மாசம் பாப்பன்."

மணியம்மாள் ஊற்றினால் ஊரில் இன்னும் ஏழெட்டு வீடு ஊற்றும். அப்படித்தான் ஆயிற்று. தை மாதத்தில் ஆரம்பித்தபோது முப்பத்தொரு வீடு. காலை ஐந்தரைக்குப் பஸ் ஸ்டாப்பின் நிழற்குடைக்குக் கீழே ஒரு பெஞ்சு, கம்பெனி கொடுத்த சின்ன மிஷின், மூன்று கேன்கள். ஊர்ப் பெண்கள் ஒரு பக்கம் நிற்பார்கள், காலனிப் பெண்கள் ஒரு பக்கம். கேன் நடுவில் இருக்கும். ஆறரைக்கு வண்டி வந்துவிடும். பூவராகவனுக்குப் பணம் பாக்கி வைத்திருந்தவர்கள் அவருக்குச் சாயங்காலப் பாலை ஊற்றினார்கள். அவர் சண்டைக்கு வரவில்லை. "நடத்து நடத்து, எத்தினி நாளுக்குன்னு பாக்கறன்" என்று மட்டும் ஏஞ்சலினிடம் சொன்னார்.

வசந்தகுமார் அவளுக்கு ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொருவர் பாலிலும் கொஞ்சம் எடுத்துச் சின்ன பாட்டிலில் ஊற்றி, நம்பர் ஒட்டி, அன்று சாயங்காலம் வரை வைத்திருக்க வேண்டும். ஏதாவது கேள்வி வந்தால் காட்டலாம். மீன் விற்கிறவரிடம் ஐஸ் வாங்கித் தெர்மாகோல் பெட்டியில் போட்டு, அதில் முப்பத்தொரு பாட்டிலையும் அடுக்கி வைப்பாள். சாயங்காலத்துக்கு மேல் கொட்டிக் கழுவுவாள். பத்து மாதம் அந்தப் பாட்டில்களை யாரும் கேட்கவில்லை.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. ஆரணியாற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. கொட்டகைகள் எல்லாம் சேறு. மாடுகள் ஈரத்திலேயே படுத்து, பல வீடுகளில் மடி வீங்கியது. ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு வசந்தகுமார் போன் செய்தார்.

"அக்கா, இன்னிக்கு உங்க பாலை ஏத்திக்க முடியல. டெஸ்ட்ல மருந்து காட்டுது. மாட்டுக்கு ஊசி போட்ட பாலை யாரோ ஊத்தியிருக்காங்க. மூணு கேனும் கீழ ஊத்தியாச்சு. இன்னொரு வாட்டி வந்தா வண்டி நிறுத்திடுவாங்க."

நூற்றுப் பதினெட்டு லிட்டர். முப்பத்தொரு வீட்டின் ஒரு நாள்.

செய்தி சாலையின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தது. ஏஞ்சலின் பஸ் ஸ்டாப்புக்கு வந்தபோது ஏற்கெனவே பத்துப் பதினைந்து பேர் மழையில் நின்றிருந்தார்கள். ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு குரல், "ஒண்ணா ஊத்துனா இப்டித்தான் ஆவும்னு அப்பவே சொன்னன்" என்றது. காலனிப் பக்கத்தில் முத்தம்மா, மூன்று மாடு வைத்திருப்பவள், "இன்னா ஆவும்? சொல்லு, இன்னா ஆவும்?" என்று முன்னே வந்தாள். மணியம்மாள் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு ஏஞ்சலினை மட்டும் பார்த்தாள்.

"யாரு பாலுன்னு இன்னிக்குப் பொழுதுக்குள்ள சொல்லு. சொல்லலன்னா நாளைலேர்ந்து என் பாலு வராது. எங்க பக்கத்துல யாரு பாலும் வராது."

ஏஞ்சலின் தெர்மாகோல் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டாள். ஷேர் ஆட்டோ பிடித்துக் கவரப்பேட்டை. அங்கிருந்து ரயில். ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மீன் என்று நினைத்து விலை கேட்டார். பால் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மருந்து பார்க்கிற அட்டைக்கு விலை அதிகம்; நிலையத்திலேயே அதைத் தினமும் பார்ப்பதில்லை. அதனால் வசந்தகுமார் முதலில் ஐந்தைந்து பாட்டில் பாலைக் கலந்து கலந்து பார்த்தார். இரண்டு கலவையில் மட்டும் கோடு மங்கிப்போனது. அந்தப் பத்துப் பாட்டிலையும் பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏஞ்சலின் சுவரோரம் ஈரப் புடவையோடு நின்றிருந்தாள்.

"ஏழு," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இருவத்திரெண்டு."

ஏழு மணியம்மாள். இருபத்திரண்டு யார் என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த நம்பரை ஒட்டியது அவள்தான். அது ஞானம்மா.

"நான் பேரு எதும் எழுதல," என்றார் வசந்தகுமார். "நீங்களே பேசிக்குங்க. நாளைக்கு சுத்தமா வந்தா போதும்."

திரும்பி வரும் ரயிலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழு என்று மட்டும் சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை. காலனிப் பால் என்றாலே முகம் சுளித்தவர்கள் எல்லாரும் மணியம்மாள் வீட்டைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் காட்சியை அவள் ஒரு ஸ்டேஷன் தூரத்துக்கு நினைத்துப் பார்த்தாள். அது இனிப்பாகத்தான் இருந்தது. அப்புறம் வேறு மாதிரி நினைத்தாள். இருபத்திரண்டு என்று மட்டும் சொன்னால் மணியம்மாள் தங்குவாள், நூறு லிட்டர் தங்கும், வண்டி தங்கும். மாமியாரை வீட்டுக்குள் சமாதானம் செய்துகொள்ளலாம். இரண்டில் எதைச் செய்தாலும் ஒரு பாட்டிலை ஒளிக்க வேண்டியிருந்தது. பத்து மாதமாக அந்தப் பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றவர்கள் எல்லாரும் அவள் எதையும் ஒளிக்க மாட்டாள் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் வந்தார்கள்.

முதலில் ஞானம்மாவிடம் போனாள். அவள் மழைக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு மாட்டுக்குக் கீழே காய்ந்த வைக்கோலைப் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"அத்த, மாட்டுக்கு ஊசி போட்டியா?"

ஞானம்மா நிமிரவில்லை. "திங்கக்கெழமை டாக்டரு வந்து போட்டாரு. நீ பொன்னேரிக்கு மீட்டிங்குனு போயிருந்த."

"பாலு ஊத்தக் கூடாதுன்னு சொல்லலியா அவுரு?"

"சொன்னாரு. நாலு நாளு வேணாம்னு சொன்னாரு. எனுக்குக் காது கேக்குது."

ஏஞ்சலின் அவளையே பார்த்தாள். ஞானம்மா நிமிர்ந்தாள்.

"இன்னாத்துக்கு அப்டிப் பாக்கற? எனுக்கு ஒத்த மாடு. உன் புருசன் சம்பளத்துலயா நான் சாப்புடறன்? என் அடுப்பு இந்த மடியிலதான் எரியுது. நாலு நாளு கீழ ஊத்துன்னு சொல்லிட்டுப் போறவனுக்கு இன்னா போச்சு? அந்த நாலு நாளு எனுக்கு எவ சோறு போடுவா?"

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல அத்த."

"இத்தினி வருசத்துல உன்கிட்ட நான் ஒரு டம்ளரு அரிசி கேட்டிருக்கனா?"

கேட்டதில்லை. உண்மைதான்.

"நான் உன் பேரைச் சொல்லத்தான் போறன்," என்றாள் ஏஞ்சலின். "உனுக்குத் தெரியாம சொல்லக் கூடாதுன்னுதான் வந்தன்."

ஞானம்மா கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

மணியம்மாள் வீட்டில் இந்த முறை அவள் முன்வாசலுக்குப் போனாள். மணியம்மாள் முதலில் நம்பவில்லை. "என் ஊட்டுப் பாலா? நம்பர மாத்தி ஒட்டிக்கினு வந்து என்கிட்ட கதை சொல்றியா?" என்று தெருவே கேட்கும்படி கத்தினாள். சத்தம் கேட்டுத் தணிகாசலம் உள்ளேயிருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டார்.

"ஞாயித்துக்கெழமை அந்தச் செவலைக்கு ஊசி போட்டுச்சு," என்றார் தயங்கி. "நீ திருப்பாச்சூர் கோயிலுக்குப் போயிருந்த. சொல்ல மறந்துட்டன். டாக்டரு நாலு நாளுன்னு ஏதோ சொன்னாரு."

மணியம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் உள்ளே போய்விட்டார். அவள் படியில் உட்கார்ந்துகொண்டாள். குரல் இறங்கியிருந்தது.

"என் ஒருத்தி பாலுதானா?"

"இல்லம்மா. ரெண்டு. இன்னொண்ணு என் மாமியாரு."

மணியம்மாள் தலையைத் தூக்கினாள்.

"அத நீ சொல்லாம வுட்டிருக்கலாமே. எனுக்கு எப்டித் தெரியப் போவுது?"

"உங்களுதயும் சொல்லாம வுட்டிருக்கலாம். உங்களுக்கும் தெரிஞ்சிருக்காது."

இரண்டு பேரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி படியில் உட்கார்ந்து, ஒருத்தி வாசலில் நின்று.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் எல்லாரும் கூடியபோது ஏஞ்சலின் வாயைத் திறப்பதற்கு முன்பே மணியம்மாள் பேசிவிட்டாள். "என் ஊட்டு செவலை மாடுதான். ஊசி போட்டது எனுக்கே தெரியாது. தெரியலன்றது நாயம் இல்ல, தெரிஞ்சி வெச்சிருக்கணும்." பிறகு ஏஞ்சலின் தன் மாமியார் பெயரைச் சொன்னாள். காலையில் ஒருவரை ஒருவர் அடிக்கப் போனவர்கள் இப்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

அப்போதுதான் அவள் வழியெல்லாம் மனதில் உருட்டிக்கொண்டு வந்ததைச் சொன்னாள். ஞானம்மா கேட்ட கேள்விதான் அது.

"ஒத்த மாடு வெச்சிருக்கறவங்க நாலு நாளு பாலைக் கீழ ஊத்த மாட்டாங்க. நான் கூட ஊத்த மாட்டன். அதனால மறைப்பாங்க. நாம ஒண்ணு பண்ணலாம். யாரு மாட்டுக்கு ஊசி போட்டாலும் அவங்க வந்து சொல்லிடணும். அந்த நாலு நாளும் மத்த முப்பது ஊடும் ஒரு டம்ளரு பாலு அவங்க பேருல ஊத்தணும். முப்பது டம்ளருன்னா ஆறு லிட்டரு ஆவுது. அவங்க அடுப்பு எரியும். நம்ம கேன் தப்பிக்கும்."

உடனே எல்லாரும் ஒத்துக்கொண்டுவிடவில்லை. ஆறு மாடு வைத்திருப்பவர்களுக்கு நாங்கள் ஏன் ஊற்ற வேண்டும் என்று முத்தம்மா கேட்டாள். ஒன்றுக்கு மேல் மாடு இருந்தால் கிடையாது என்று முடிவாயிற்று. பொய் சொல்லி வாங்கினால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். மருந்துச் சீட்டைக் காட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. கிழக்கு வீட்டு டம்ளரை மேற்கு வீட்டுக்காரி பேருக்கு ஊற்றுவதா என்று வாய்விட்டு யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியும் அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டுதான் இருந்தது. மணியம்மாள்தான், "நாளைலேர்ந்து ஞானம்மா பேருல என் டம்ளரு முதல்ல" என்று சொல்லி அதை முடித்துவைத்தாள்.

ஆனால் ஞானம்மா அந்தப் பாலை வாங்கிக்கொள்ளவில்லை. நாலு பேர் முன்னால் பேரைக் கெடுத்துவிட்டு டம்ளர் டம்ளராகப் பிச்சை போடுகிறார்களா என்று தேசப்பனிடம் சொல்லி அனுப்பினாள். அவன் இரண்டு வீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, "உங்க ரெண்டு பேரோட பேஜாரு" என்று தலையில் அடித்துக்கொண்டு ஷிப்டுக்குப் போனான். மாடு தேறியதும் ஞானம்மா பூவராகவனுக்கு ஊற்ற ஆரம்பித்தாள். மருமகள் முகத்தைப் பார்த்துப் பேசுவதையே விட்டுவிட்டாள். ஒரே சுவர்தான் நடுவில். அந்தப் பக்கம் பால் கறக்கிற சத்தம் இந்தப் பக்கம் கேட்கும். ஏஞ்சலின் பல நாள் அந்தச் சத்தம் நிற்கும் வரை தன் மாட்டின் கீழ் உட்காராமல் இருந்திருக்கிறாள். செய்தது தவறு என்று அவளுக்குத் தோன்றவில்லை.

அந்த ஏற்பாட்டை முதலில் பயன்படுத்தியது, அதை எதிர்த்துக் கேட்ட முத்தம்மாதான். மார்கழியில் தன்னுடைய மூன்று மாட்டில் இரண்டை விற்றிருந்தாள். மிச்சமிருந்த ஒன்றுக்கு மடி கல்லாகிவிட்டது. காலையில் வெறும் தூக்குவாளியோடு வந்து பெஞ்சுக்கு முன்னால் நின்று, "நேத்து ஊசி போட்டாங்க. இன்னிக்கு ஊத்தல" என்றாள். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. யாரும் அவளை எதுவும் கேட்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தம் பாலை அளந்த பிறகு ஒரு டம்ளர் எடுத்து முத்தம்மா பேரில் ஊற்றிவிட்டு நகர்ந்தார்கள். அன்றைக்குப் பிறகு பொன்னேரியிலிருந்து அப்படி ஒரு போன் வரவே இல்லை.

பூவராகவனுக்கு அந்த வருஷம் முழங்கால் விட்டுப்போனது. பைக்கில் பொன்னேரி டீக்கடைகளுக்கெல்லாம் அலைய முடியவில்லை. ஒருநாள் ஆறு மணிக்குப் பஸ் ஸ்டாப்பில் வந்து வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமலே பேசினார்.

"சுத்துப்பட்டுல ரெண்டு ஊர்ல எனுக்கு நாப்பது லிட்டரு கீது. இங்கயே ஊத்திடட்டுமா? டப்பு விசயம் நான் அவங்ககிட்ட பாத்துக்கறன்."

"ஒவ்வொருத்தர் பாலும் தனித்தனியா கொண்டாரணும் நைனா. பாட்டில் எடுப்பன்."

"எடு. உன் பாட்டிலு ஊருக்கே தெரிஞ்ச விசயமாச்சே."

மறுநாள் அவர் கொண்டுவந்த வாளிகளில் ஒன்றை மிஷினில் வைத்ததும் ஏஞ்சலினுக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கொழுப்பு அளவு அவளுக்கு மனப்பாடம். அவரைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பீடி பற்றவைத்தார். நம்பர் கேட்டபோது, "எதுனா ஒண்ணு போடு" என்றார். அவள் இருபத்திரண்டு என்றே போட்டாள்.

இரண்டு மாதம் ஞானம்மாவின் பால் இப்படி ஊரைச் சுற்றி வந்து மருமகளின் கேனில் விழுந்தது. பங்குனியில் ஒரு காலை பூவராகவனிடம் அந்த வாளி இல்லை. "மாடு மடிய மிதிச்சிக்கினு புண்ணாயிடுச்சாம். ஊசி போட்டுக்கீது. நாலு நாளு வந்து எடுக்காதன்னு உன் மாமியாரே சொல்லிடுச்சு" என்றார்.

ஏஞ்சலின் அதை வரிசையில் நின்றவர்களிடம் சொன்னாள். டம்ளர்கள் ஊற்றப்பட்டன. சாயங்காலம் போய் ஞானம்மாவின் வீட்டுக் கதவைத் தட்டினாள். வெளியே நின்றபடியே, "அத்த, ஊருல எல்லாருக்கும் இதே மாதிரிதான் ஊத்துறாங்க. முத்தம்மாக்கு ஊத்துனாங்க. நாளைக்கு என்கிட்ட ஒத்த மாடு மிஞ்சுனா எனுக்கும் ஊத்துவாங்க. நீ வாங்கிக்கலன்னா அப்பறம் நான் எந்த மூஞ்ச வெச்சிக்கினு வாங்குவன்?" என்றாள்.

கதவு திறக்க நேரம் ஆயிற்று. ஞானம்மா வெளியே வந்து மருமகளைத் தாண்டிப் போய் அவள் மாடுகளைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதுக்குக் குளம்பு வெட்டி எத்தினி நாளாச்சு? நான் பாக்கலன்னா நீ இன்னாதான் பாக்கற?" என்றாள். நாலு மாதம் கழித்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

இப்போது ஆலங்கண்டிகையிலிருந்து ஒரு வேளைக்கு நூற்றெழுபது லிட்டர் போகிறது. ஏஞ்சலினுக்கு முப்பத்தொன்பது வயசு. மணியம்மாள் வீட்டில் பால் விஷயம் பேச அவள் முன்வாசலுக்குத்தான் போகிறாள். உள்ளே வா என்று இதுவரை கூப்பிட்டதில்லை, அவளும் எதிர்பார்ப்பதில்லை. கம்பெனிக்காரர்கள் ஊரிலேயே பாலைக் குளிர வைக்கும் பெரிய தொட்டி ஒன்றைக் கொடுக்க ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு அறையும் மூன்று பேஸ் மின்சாரமும் வேண்டும். சாலையோரம் தணிகாசலத்துக்குச் சொந்தமான ஒரு மூலை இருக்கிறது. தொழிற்பேட்டை பெருகப் பெருக அந்த இடம் விலை போகும் என்று அவர்களுடைய மகன் மோகன்ராஜ் தடுக்கிறான். மணியம்மாள் மகனோடு தினமும் மல்லுக்கு நிற்பதாகக் கேள்வி.

இடம் எங்கே அமைந்தாலும் மின்சார இணைப்புக்கு மனுப் படிவம் வாங்கி, என்னென்ன வேண்டும் என்று கேட்டு வைத்துவிடலாம் என்று ஏஞ்சலின் முடிவு செய்திருக்கிறாள். புதன்கிழமை பாலை ஏற்றி அனுப்பிய கையோடு பொன்னேரி மின்வாரிய ஆபீசுக்குப் போகிறாள். கூட வருவதாக ஞானம்மா சொல்லியிருக்கிறாள். ஆபீசில் நிற்க வைத்துப் பேசினால் தான் பேசிக்கொள்வதாகவும் சொல்லியிருக்கிறாள்.